பிக்கப் இன்ஜினில் டிக்-டிக் சத்தம்: கிளீனர் ஊற்றுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கேட்டது இது: வி8 பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய பிக்கப், ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வலது பக்கத்திலிருந்து வேகமாக டிக்-டிக் என்று சத்தம் வருகிறது, பத்து நிமிடம் ஓடி இன்ஜின் சூடானதும் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது வேறொரு சத்தம், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல. நண்பர் ஆயிலில் ஒரு பாட்டில், டேங்கில் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றினால் சரியாகும் என்கிறார். ஊற்றலாமா?

டேங்கில் ஊற்றலாம். மேட்டில் வரும் சத்தத்துக்கு அது பலன் தரவும் வாய்ப்பு உண்டு. ஆயிலில் இப்போதைக்கு எதையும் ஊற்றாதீர்கள். காலையில் வரும் டிக்-டிக் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சைலன்சர் குழாய்க்குக் கொண்டுபோகும் இரும்புப் பாகம்) கசிவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஆயிலில் எதை ஊற்றினாலும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே சேராது. கிளீனர் அழுக்கை மட்டும்தான் கரைக்கும், அதுவும் தான் ஓடுகிற பாதையில் இருக்கும் அழுக்கை மட்டும். உடைந்த போல்ட், தேய்ந்த பேரிங், இழுபட்ட செயின் எதையும் அது சரிசெய்யாது. அதனால் முதல் வேலை சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. பாட்டில் அப்புறம்.

அதற்கும் முன்னால், இன்றைக்கே டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். ஆயில் குறைந்திருந்தால் சத்தம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மேல் இருந்தாலும் வரும். கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், நுரைத்த ஆயில், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் போனால் அதற்குள் காற்று சேர்ந்து டிக்-டிக் என்று அடிக்கும். அடுத்து, உள்ளே இருக்கும் ஆயில் வண்டியின் கையேட்டில் சொன்ன கிரேடுதானா என்று பாருங்கள். சத்தத்தை அடக்கத் தடித்த ஆயில் ஊற்றும் பழக்கம் நிறைய இடங்களில் உண்டு. வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இன்ஜின்களில் அது புதுத் தொல்லையைக் கொண்டுவரும். சத்தம் மட்டும் அடங்கும், தேய்மானம் உள்ளே தொடரும்.

சரி, சத்தத்துக்கு வருவோம். காதால் கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் வருகிறதா, சூட்டில் வருகிறதா? ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) வருகிறதா, பாரம் இழுக்கும்போது வருகிறதா? அதன் தாளம் எவ்வளவு வேகம்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். 700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 700 சுற்று) ஐடிலில் கிராங்க் நொடிக்குக் கிட்டத்தட்ட 12 முறை சுற்றுகிறது, கேம் 6 முறை. லிஃப்டர், ராக்கர், வால்வு, இன்ஜெக்டர், ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கசிவு எல்லாம் இந்த 6 முறைத் தாளத்தில்தான் அடிக்கும். அதைவிட இரட்டிப்பு வேகத்தில் அடித்தால் கவனத்தைக் கீழே, கிராங்க் பக்கம் திருப்ப வேண்டும். காது பழகாதவர்கள் டைமிங் லைட்டை ஒரு ஸ்பார்க் பிளக் வயரில் மாட்டிப் பார்க்கலாம். பெரும்பாலான இன்ஜின்களில் அந்த வெளிச்சம் இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒருமுறை மின்னும். ஒரு மின்னலுக்கு ஒரு அடி கேட்டால் மேல்பகுதி, இரண்டு அடி கேட்டால் கீழ்பகுதி. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பின்னால் சொல்லப்போகும் ராட் பேரிங் சத்தமும் பிஸ்டன் ஸ்லாப்பும் சில நேரம் பவர் ஸ்ட்ரோக்கில் மட்டும் பலமாகக் கேட்டு நம்மை ஏமாற்றும்.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீளமான ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்து, முனையை வால்வு கவர், பிளாக், ஆயில் பேன் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். காற்றுக் கசிவுக்கு இது உதவாது. அதற்கு ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாய் வேண்டும். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை மேனிஃபோல்டு ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். கசியும் இடம் வந்ததும் சத்தம் சட்டென்று காதுக்குள் அடிக்கும், தேடவே வேண்டியதில்லை. தொங்கும் துணி, அவிழ்ந்த முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. மின்சார ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாக ஓடும் என்பதை மறக்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது.

உங்கள் வண்டியில் நான் ஏன் மேனிஃபோல்டைச் சந்தேகிக்கிறேன்? குளிரில் டிக்-டிக், சூட்டில் அமைதி, ஒரே பக்கம். வி8 பிக்கப்களில் இது அலுத்துப்போகும் அளவுக்குப் பார்க்கும் விஷயம். மேனிஃபோல்டு ஒவ்வொரு முறையும் கடுமையாகச் சூடாகி விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. அது மாட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட் அந்த அளவுக்கு விரிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவது போல்ட்டுகள். ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்டுக் கடைசியில் ஓரத்து போல்ட் ஒன்று, பெரும்பாலும் கேபினை ஒட்டிய பின்பக்கத்து போல்ட், தலை முறிந்து விழும். காலையில் அந்த மூலையில் மயிரிழை இடைவெளி இருக்கும். அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதெல்லாம் அழுத்தமான வாயு அதன் வழியே பீறிடுகிறது. அந்தச் சத்தம் டேப்பட் (லிஃப்டர்) சத்தம் மாதிரியே கேட்கும், பழகிய காதையும் குழப்பும். இன்ஜின் சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தம் நிற்கும்.

பார்ப்பது எளிது. வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத் தடுப்புத் தகடு மறைத்தால் கழற்றிவிடுங்கள். ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் கோட்டை முன்னாலிருந்து பின்னால் வரை பாருங்கள். கசிவு இருக்கும் இடத்தில் கரிக்கோடு ஒன்று விசிறிபோல் பரவியிருக்கும். சுற்றிலும் துருவின் பழுப்பு, அந்த ஒரு இடம் மட்டும் மையிட்டதுபோல் கறுப்பு. போல்ட்டுகளையும் எண்ணுங்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை தெரிந்தால் விஷயம் முடிந்தது. கரி தெரியவில்லை, ஆனாலும் சந்தேகம் தீரவில்லை என்றால், ஆறிய இன்ஜினில் சைலன்சர் குழாய் வழியாகக் காற்றை ஊதும் கருவியால் மெதுவாகக் காற்றைச் செலுத்தி, மேனிஃபோல்டு ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் குமிழி வரும்.

இதை ‘சூடானதும் நின்றுவிடுகிறதே’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள். அழுத்த அலைகளுக்கு நடுவே அதே இடைவெளி வெளிக்காற்றை உள்ளேயும் இழுக்கும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துக் கலவையில் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். அதைவிட முக்கியம், கசிவு கேபின் ஓரத்தில் இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

உடைந்த போல்ட்டை எடுப்பது பொறுமையான வேலை. துண்டு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, ஆறும் தறுவாயில் முன்னும் பின்னுமாக அசைத்துத் திருப்பி எடுத்துவிடலாம். வெல்டிங் சூடே துருவை விடுவிக்கும். துண்டு உள்ளே போய்விட்டால் சரியாக நடுவில் துளை போட்டு எடுக்க வேண்டும். துளை சாய்ந்தால் ஹெட்டின் மரை போய்விடும், ஆகவே இதைச் செய்து பழகியவரிடம் கொடுங்கள். மேனிஃபோல்டு வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்ததை அப்படியே மாட்டினால் புது போல்ட்டும் சீக்கிரம் முறியும்.

மேனிஃபோல்டில் ஒன்றும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் பிஸ்டன் ஸ்லாப். அலுமினியப் பிஸ்டன் குளிரில் சுருங்கியிருக்கும்போது சிலிண்டர் சுவரில் இப்படியும் அப்படியும் மோதும். டிக்-டிக் என்று கூர்மையாக இராது, மந்தமாக, உள்ளீடற்ற மாதிரி கேட்கும். ஸ்க்ரூட்ரைவரை பிளாக்கின் பக்கவாட்டில் வைத்தால் பலமாகக் கேட்கும். சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் இதோடு பல ஆண்டுகள் ஓட்டலாம். எந்தப் பாட்டிலும் இதைக் குறைக்காது.

அடுத்தது ஹைட்ராலிக் லிஃப்டர். ஆயிலில் கிளீனர் ஊற்றுவதற்குக் கொஞ்சமாவது நியாயம் இருப்பது இங்கேதான், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். லிஃப்டருக்குள் ஒரு சின்ன பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், ஒரு செக் வால்வு. ஆயில் அழுத்தத்தில் பிளஞ்சர் எழுந்து வால்வுப் பக்கம் இருக்கும் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். இரவு முழுக்க வண்டி நிற்கும்போது, வால்வு திறந்த நிலையில் மாட்டிக்கொண்ட லிஃப்டரிலிருந்து ஆயில் மெல்லக் கசிந்து வெளியேறும். காலையில் இரண்டு மூன்று நொடி டிக்-டிக் என்று அடித்துவிட்டு நிரம்பிவிடும். இது இயல்பு. நிமிடக்கணக்கில் அடித்தாலோ, சூடான பிறகும் அடித்தாலோதான் கவலைப்பட வேண்டும். பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கு. பழைய ஆயில் விட்டுச்சென்ற வார்னிஷ் படலம் அங்கே ஒட்டினால் பிளஞ்சர் சிக்கிக்கொள்ளும், இல்லையென்றால் செக் வால்வு சரியாக மூடாது. இது அழுக்கால் வந்த கோளாறு, கழுவினால் போக வாய்ப்பு உண்டு.

லிஃப்டரிலேயே கழுவிப் போகாத கோளாறும் இருக்கிறது. இன்றைய வி8-கள் பலவற்றில் லிஃப்டரின் அடியில் ஒரு உருளை இருக்கும், அதற்குள் ஊசி பேரிங். அந்தப் பேரிங் போனால் உருளை சுழலாமல் கேமை அரைக்கத் தொடங்கும். பாரம் குறைவாக இருக்கும்போது பாதிச் சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் வசதியுள்ள இன்ஜின்களில், அந்தச் சிலிண்டர்களின் லிஃப்டர்களுக்குள் பூட்டும் ஊசிகளும் உண்டு. அவை சிக்கினாலோ உருளை போனாலோ டிக்-டிக்கோடு அந்தச் சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஃபயரும் ஆகும். ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) பழைய வி8-களிலும் ராம் பிக்கப்களில் வரும் ஹெமியிலும் நிறுத்தப்படும் சிலிண்டர்கள் 1, 4, 6, 7. ஆகவே ஸ்கேனரில் பி0301 முதல் பி0308 வரையிலான மிஸ்ஃபயர் குறியீடு ஏதாவது வந்து, அதன் கடைசி எண் காட்டும் சிலிண்டர் இந்த நான்கில் ஒன்றாகவும் இருந்தால், பாட்டிலைத் தேடாமல் லிஃப்டரையும் கேமையும் திறந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அரைபட்ட இரும்புத்தூள் ஆயிலில் கலந்துகொண்டிருக்கும்.

இனி, கேட்டால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டிய சத்தம். ஆழமான டொக்-டொக். இன்ஜின் சூடாகி ஆயில் இளகிய பிறகு அதிகமாகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,000 ஆர்பிஎம் பக்கம் வைத்து லேசாக விட்டுப் பிடித்தால் தெளிவாகத் துடிக்கும். இது கனெக்டிங் ராட் பேரிங். ஸ்டெதாஸ்கோப் ஆயில் பேனில் வைத்தால் பலமாகக் கேட்கும். உறுதிப்படுத்த மட்டும் கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பாருங்கள். ஸ்கேனரில் அந்த வசதி இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள், காயிலைக் கழற்ற வேண்டாம். காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரியும், உங்களுக்கு ஷாக்கும் அடிக்கலாம். குறிப்பிட்ட ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் டொக்-டொக் தணிந்தால் அந்த ராட்தான். லிஃப்டர் சத்தம் இந்தச் சோதனையில் மாறாது. எக்ஸாஸ்ட் கசிவும் பிஸ்டன் ஸ்லாப்பும் தணியும், ஆனால் அவை குளிரில் வருபவை, ராட் சத்தம் சூட்டில் வருவது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினை கியர் பாக்ஸ் பக்கத்தோடு இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டில் விரிசல் விட்டாலும், டார்க் கன்வெர்ட்டர் போல்ட் தளர்ந்தாலும் அச்சாக இதே மாதிரி கேட்கும். இன்ஜினை இறக்குவதற்கு முன் கீழே உள்ள மூடியைத் திறந்து அதைப் பார்க்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆயில் அழுத்தத்தை டேஷ்போர்டு முள்ளை நம்பி முடிவு செய்ய வேண்டாம். சில வண்டிகளில் அழுத்தம் ஒரு எல்லைக்கு மேல் இருக்கும்வரை முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, நன்றாகச் சூடான இன்ஜினில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்பது பழைய கணக்கு. உங்கள் இன்ஜினுக்கான சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதுதான் இறுதி.

அழுத்தத்தைப் பார்த்த கையோடு ஆயில் ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். சந்தேகம் உள்ள எந்த இன்ஜினிலும் நான் இதைச் செய்யாமல் விடுவதில்லை. ஹேக்ஸா வேண்டாம், அது உதிர்க்கும் தூளே உங்களைக் குழப்பும். ஃபில்டர் வெட்டும் கருவியால் தகரத்தைச் சுற்றி வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தைக் கத்தியால் அறுத்து எடுத்து, துணியில் சுற்றி வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிடுங்கள். அப்புறம் வெயிலில் விரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரிரண்டு மினுக்கு எந்தப் பழைய இன்ஜினிலும் இருக்கும். மடிப்புக்கு மடிப்பு செதில் செதிலாக மின்னினால் ஒரு காந்தத்தை அருகே கொண்டு போங்கள். ஒட்டினால் கேம், லிஃப்டர், செயின் பக்கம் இரும்பு தேய்கிறது. ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறமாகவோ இருந்தால் அது பேரிங். எந்த விலை உயர்ந்த பாட்டிலாலும் சொல்ல முடியாததை இந்தக் காகிதம் சொல்லிவிடும்.

மற்ற சத்தங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஸ்டார்ட் செய்த உடனே இரண்டு மூன்று நொடி கரகரவென்று உலோகச் சத்தம் வந்தால் கேமைச் சுழற்றும் டைமிங் செயின், அதை இறுக்கிவைக்கும் டென்ஷனர், வால்வு டைமிங்கை மாற்றும் கேம் ஃபேசர் இவற்றில் ஒன்று. மலிவான ஃபில்டரில் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு சரியில்லை என்றாலும் அப்படி வரும், ஆகவே முதலில் நல்ல ஃபில்டர் மாட்டிப் பாருங்கள். பெல்ட் கிரீச்சிட்டால் ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நேரம் நின்றால் புல்லி நேர்கோட்டில் இல்லை, அதிகமானால் பெல்ட்டில் இறுக்கம் போதவில்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜின்களில் இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்ப்பும் ஓயாமல் டிக்-டிக் என்றுதான் இருக்கும், அது கோளாறு அல்ல.

இப்போது மேட்டில் வரும் கூழாங்கல் சத்தம். இது பிங்கிங். ஸ்பார்க் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவுவதற்குள், மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடிக்கிறது. பாரம், மேடு, குறைந்த வேகத்தில் பெரிய கியர், இவையெல்லாம் சேரும்போதுதான் கேட்கும். காரணங்கள் பல: ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) குறைந்த பெட்ரோல், கூலிங் குறைவு, வேலை செய்யாத இஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் அமைப்பு), தவறான ஸ்பார்க் பிளக், இந்த வெடிப்பை உணரும் நாக் சென்சார் பழுது. நீண்ட காலம் ஓடிய இன்ஜினில் இன்னொரு காரணமும் சேரும். பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் படிந்த கார்பன் இடத்தை அடைத்துக்கொண்டு கம்ப்ரெஷனைக் கூட்டும், சூட்டையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ஒரு டேங்க் மட்டும் உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டு அதே மேட்டில் அதே பாரத்தோடு ஏறிப் பாருங்கள். சத்தம் போனால் பிங்கிங்தான் என்பது உறுதி. அது தீரும்வரை கனமான டிரெய்லரை இழுக்க வேண்டாம். தொடர்ந்து பிங்கிங் ஆனால் பிஸ்டனில் ரிங் உட்காரும் ஓரங்கள் உடையும்.

கார்பன்தான் காரணம் என்றால் டேங்கில் ஊற்றும் கிளீனருக்கு வேலை உண்டு. ஆனால் எல்லா பாட்டிலும் ஒன்றல்ல. எரியும் அறைக்குள் இருக்கும் கார்பனைக் கரைக்க வேண்டுமென்றால் அதில் பாலிஈதர் அமீன் இருக்க வேண்டும். அந்தக் கடுஞ்சூட்டையும் தாங்கி வேலை செய்வது இதுதான். டெக்ரான் கான்சென்ட்ரேட் போன்றவற்றில் இருக்கிறது. பாலிஐசோபியூட்டின் அமீன் வகை இன்ஜெக்டரையும் இன்டேக் வால்வையும் சுத்தம் செய்யும், எரியும் அறையில் பலன் இல்லை, அங்கே படிவைக் கொஞ்சம் கூட்டவும் கூடும். வெறும் நாஃப்தாவும் மண்ணெண்ணெயும் மட்டும் உள்ள பாட்டில்களும் விற்கின்றன, அவற்றிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எதில் என்ன இருக்கிறது என்பதை லேபிளின் விளம்பர வாசகம் சொல்லாது, பாதுகாப்புத் தகவல் தாளைத் தேடிப் படியுங்கள்.

டேங்க் காலியாகும் தறுவாயில் பாட்டிலை ஊற்றி, அதன்மேல் முழு டேங்க் நிரப்புங்கள், நன்றாகக் கலந்துவிடும். அந்த டேங்கைச் சின்னச் சின்ன ஓட்டத்தில் தீர்க்காமல் நெடுஞ்சாலையில் இன்ஜின் நன்றாகச் சூடேறும்படி ஓட்டித் தீருங்கள். லேபிளில் சொன்னதைவிட அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தமாகாது. கரைந்த கரியிலும் அந்த ரசாயனத்திலும் கொஞ்சம் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும் என்பதால், அடுத்த ஆயில் மாற்றத்துக்கு முந்தைய டேங்கில் இதைச் செய்வது நல்லது. ஒரு பாட்டிலில் சத்தம் கொஞ்சம் குறைந்தால் அடுத்த ஆயில் மாற்றத்தின்போது இன்னொன்று. இரண்டிலும் மாற்றமே இல்லை என்றால் மேலே சொன்ன மற்ற காரணங்களைத் தேடுங்கள், மூன்றாவது பாட்டிலை வாங்காதீர்கள்.

உங்கள் இன்ஜின் பெட்ரோலை எங்கே தெளிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இன்டேக் போர்ட்டில் தெளிக்கும் இன்ஜின் என்றால் பெட்ரோலோடு வரும் கிளீனர் இன்டேக் வால்வையும் கழுவிக்கொண்டே போகும். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் இன்ஜினில் வால்வின் முதுகை பெட்ரோல் தொடுவதே இல்லை. அங்கே கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி படிந்து வெந்து கட்டியாகும். டேங்கில் எதை ஊற்றினாலும் அது போகாது. மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி அடித்துத்தான் எடுக்க வேண்டும். 2017 முதல் ஃபோர்டு எஃப்-150-இன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட்டில் இரண்டு விதமாகவும் தெளிக்கும் அமைப்பு வந்தது, அதில் இந்தப் படிவு தொல்லை குறைவு. வாக்குவம் குழாய் வழியாகக் கிளீனரை உறிஞ்ச வைக்கும் முறையை வீட்டில் செய்ய நான் சொல்வதில்லை. திரவம் அமுங்காது. கொஞ்சம் அதிகமாக உள்ளே போய்விட்டால் கனெக்டிங் ராட் வளையும். டர்போ உள்ள இன்ஜினில் உதிரும் கரித்துண்டு டர்பைன் இறக்கையில் மோதும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

ஆயில் பக்கத்துக்கு வருகிறேன், நண்பர் சொன்ன முதல் பாட்டில் அதுதானே. பழைய ஆயிலில் ஊற்றி ஐந்து பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி வடித்துவிடும் ஃபிளஷ் என்பது அடிப்படையில் கரைப்பான். அது ஆயிலை நீர்க்க வைக்கும், அதனால்தான் ஊற்றியபின் வண்டியை ஓட்டக் கூடாது என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய படலம் மட்டும் தெரிந்தால் ஃபிளஷ் தேவையே இல்லை. கறுப்பாகக் களிபோல் அப்பியிருந்தால் ஃபிளஷ் ஆபத்து. இரண்டு நிலையிலும் ஃபிளஷ் ஊற்ற வேண்டியதில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். களி ஒரே சமயத்தில் கரைவதில்லை, துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். விழுந்தவை ஆயில் பேனுக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அப்பிக்கொள்ளும். ஒரு பிக்கப் ஃபிளஷ் செய்த மறுவாரம் ஆயில் லைட் எரிந்தபடி வந்தது. பேனை இறக்கினோம், வலையின் கண்கள் ஏறக்குறைய எல்லாமே தார்போன்ற துண்டுகளால் அடைபட்டிருந்தன. டிக்-டிக் சத்தத்துக்காக ஊற்றியது, பேரிங் வரைக்கும் போய்விட்டது.

லிஃப்டரில் வார்னிஷ் என்று உண்மையிலேயே தெரிந்தால் நிதானமான வழி இருக்கிறது. சரியான கிரேடில் நல்ல சிந்தெடிக் ஆயில், நல்ல ஃபில்டர், வழக்கமான இடைவெளியில் பாதிக்கும் குறைவாக, 2,500 முதல் 3,000 கிலோமீட்டருக்குள் மாற்றம். இரண்டு மூன்று முறை இப்படி. ஆயிலில் ஏற்கெனவே இருக்கும் டிடர்ஜென்ட் அழுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்து ஃபில்டரில் சேர்க்கும். அதற்கு மேலும் லிஃப்டர் அடித்தால், ஆயிலோடு விட்டு ஓட்டும் வகை லிஃப்டர் கிளீனர் ஒன்றை லேபிளில் சொன்ன அளவில் சேர்த்துப் பார்க்கலாம், ஆயில் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகு. ஒரு குவார்ட் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) ட்ரான்ஸ்மிஷன் ஆயில் ஊற்றினால் உள்ளே கழுவிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இன்ஜின் ஆயிலில் இருக்கும் அளவுக்குக்கூட டிடர்ஜென்ட் அதில் இல்லை. மாலிப்டினம் கலந்த பாட்டில்கள் உராய்வைக் குறைப்பவை, சுத்தம் செய்பவை அல்ல. தடித்துப் பிசுபிசுவென்று இருப்பவை சத்தத்தை மூடி மறைப்பவை, அவ்வளவுதான். வாரண்டி இன்னும் மிச்சம் இருந்தால் கையேட்டைப் பாருங்கள், பல நிறுவனங்கள் ஆயிலில் எதையும் சேர்க்க வேண்டாம் என்றே எழுதியிருக்கின்றன.

டீசல் பிக்கப் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய டீசலில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று பார்ப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே 1,600 பாருக்கு மேல் அழுத்தம் போகும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும், கையை இழக்க நேரிடும். ஸ்கேனரில் சிலிண்டரை நிறுத்திப் பாருங்கள், இன்ஜெக்டரின் ரிட்டர்ன் அளவை அளக்கச் சொல்லுங்கள். கிளீனர் ஊற்றினால் டீசலுக்கென்று உள்ளதை மட்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. நாளைக் காலை வண்டியைத் தொடாமல் வைத்து, முதல் ஸ்டார்ட்டிலேயே ரப்பர் குழாயோடு வலது மேனிஃபோல்டின் பின்மூலையைக் கேளுங்கள். கரிக்கோடும் உடைந்த போல்ட்டும் கிடைத்தால் முதலில் அந்த வேலை. வரும் வாரத்தில் பாலிஈதர் அமீன் உள்ள பாட்டில் ஒன்றை ஒரு டேங்குக்கு ஊற்றி ஓட்டித் தீர்த்துவிட்டு, ஆயில் மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். மேனிஃபோல்டில் ஒன்றுமே கிடைக்காவிட்டால், சூடான இன்ஜினில் ஐடிலிலும் 2,000 ஆர்பிஎம்மிலும் ஆயில் அழுத்தம் எவ்வளவு, ஃபில்டரில் காந்தத்தில் ஒட்டியது உண்டா, ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடு வந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள். எதைத் திறக்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.